நான் போட்ட மீட்டர் பொய் சொல்லாது

கடையை மூடி மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் நெல்லித்தோப்பில் என் பழைய ஷட்டருக்கு முன்னால் யாராவது வண்டியை நிறுத்தி, "பாய், இந்த ஹாரன மட்டும் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்பது நிற்கவில்லை. அங்கே இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கடைக்காரர் அதைச் சொன்னாலும் விடுவதில்லை. "சரி, ஒரு கவர் எடுத்துக்கறேன், பாய் வூடு எதுன்னு சொல்லுங்க" என்று அவரிடமே பேரம் பேசுகிறார்கள்.

வண்டி ஒயரிங் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி மெக்கானிக் சங்கத்தில் சொன்னார்கள். எந்த ஒயர் எங்கே போகிறது என்பதை நான் எழுதப் போவதில்லை. அதை உங்கள் போனிலேயே ஒருத்தர் பின்னணி இசை போட்டுக் காட்டிவிடுகிறார். போனில் யாரும் காட்டாத ஒன்றைச் சொல்கிறேன். முப்பத்தைந்து வருடம் டேஷ்போர்டைப் பிரித்துப் பிழைத்த நான், ஒரு பழைய பிக்கப் வண்டியின் டீசல் முள்ளை வைத்து ஒரு மனுஷனைத் திருடனாக்கினேன். படித்துவிட்டுத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

டேஷ்போர்டு என்பது வண்டி தன் குறையைச் சொல்லும் இடம். குறை சொல்கிறவரை நம் ஊரில் யாருக்குப் பிடிக்கும்? ஆயில் விளக்கு சிவப்பாக எரிகிறது, கண்ணை உறுத்துகிறது, அந்த ஒயரைப் பிடுங்கி விடுங்கள் என்று வந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா! ஆயில் ஊற்றுங்கள் என்றால் முறைப்பார்கள். இன்னொரு வகை, பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒரு முசியே. அவருடைய கார் ஷெட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சாவியைத் திருகுவார். எல்லா விளக்கும் எரிகிறதா என்று ஐந்து நிமிடம் பார்ப்பார். "பியேன், பியேன்" என்று பிரெஞ்சில் மெச்சி, அணைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். அதில் ஒரு பல்பு போனால் எனக்கு ஆள் அனுப்புவார்.

அஞ்சலையம்மாள் இந்த இரண்டிலும் சேராதவர். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டு, விழுப்புரம் பக்கம் அனுப்புகிறவர். ஏலத்தில் அவர் குரல் எழும்பினால் பக்கத்தில் நிற்கிற ஆம்பிளைகள் தங்கள் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வார்கள். மீன் விஷயத்தில் யார் சொன்னாலும் நம்ப மாட்டார், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். ஆனால் டேஷ்போர்டு சொன்னால் அப்படியே நம்புவார். அதற்கு நான்தான் காரணம்.

அவர் வாங்கிய பிக்கப், ஏற்கெனவே இரண்டு பேர் கையில் அடிபட்டு வந்தது. என் கடைக்கு வந்தபோது டேஷ்போர்டில் ஒன்றுகூட ஒழுங்கில்லை. டீசல் முள் செத்துக் கிடந்தது. சூடு காட்டும் முள் உச்சியில் ஒட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. நிற்கிற வண்டியில் வேக முள் நாற்பது காட்டியது. இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டால் தலைக்கு மேல் இருக்கிற விளக்கு மினுக்கியது. இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் சரிசெய்தேன். சாவியைத் திருகியதும் விளக்குகள் வரிசையாக எரிந்து, வரிசையாக அணைந்து, முட்கள் எல்லாம் தத்தம் இடத்துக்கு எழுந்து வந்தன. அஞ்சலையம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "பாய், கல்யாண வூடு மாதிரி இருக்குது" என்றார். எனக்குத் தலைக்கனம் அன்றைக்கு ஏறியது. இறங்க ரொம்ப நாள் ஆனது.

அந்த வேலையில் நான் ஒரு தப்பு செய்தேன். நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு, நீங்களும் இந்நேரம் செய்திருப்பீர்கள். மறுநாள் ஓடத் தகுதியான வண்டி என்று எஃப்.சி. வாங்க வண்டி போக வேண்டும். பின்னால் டெயில் லைட்டுக்கு எர்த் ஒயர் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி. விளக்கை எரித்த கரண்டு வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத் திரும்பிப் போக ஓர் இடம் வேண்டும், அவ்வளவுதான் எர்த். அதற்குத் தனியாக ஓர் இடம் சுரண்டி, தனியாக ஒரு போல்ட் போட வேண்டும். முதுகு வலி. குனிந்தால் நிமிர முடியவில்லை. பக்கத்திலேயே, டீசல் டேங்குக்குள் மிதந்து முள்ளுக்கு அளவு சொல்லும் ஃப்ளோட்டின் எர்த் போல்ட் இருந்தது. அதிலேயே இதையும் சேர்த்துக் கட்டி முறுக்கிவிட்டேன். விளக்கு எரிந்தது. எரிந்தால் போதாதா என்று எழுந்துவிட்டேன்.

மீன் வண்டி. நாள் முழுக்க ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் சொட்டிக்கொண்டே இருக்கும். அது சொட்டுகிற இடம் சரியாக அந்த போல்ட். அப்போது அதை நான் யோசிக்கவில்லை.

வண்டியை ஓட்டியவன் ஏழுமலை. முப்பத்தைந்து வயதிருக்கும். அரியாங்குப்பம் தாண்டி ஒரு கிராமத்தில் மாமனார் வீட்டோடு இருந்தான். மாமனார் விவசாயி. மருமகன் ஒரு வண்டிக்குப் பொறுப்பு, வண்டியே நம் வாசலில்தான் ராத்திரி நிற்கிறது என்பதில் அந்த மனிதருக்குப் பெருமை. சாயங்காலம் வண்டியை எடுத்துக்கொண்டு போய், விடியுமுன் ஐஸ் ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு வந்துவிடுவான். அதிகம் பேசாத ஆள். கடைக்கு வந்தால் கேட்காமலே ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான், சரியான நம்பர் ஸ்பேனராக இருக்கும்.

எஃப்.சி. முடிந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் பட்டப்பகலில் அந்த பிக்கப் கடை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் ஏழுமலை. பக்கத்தில் அஞ்சலையம்மாள். பின்னால் பலகையில் துறைமுக ஏலக்காரர். ஏலம் கூறுகிறவர் வேலை நேரத்தில் துறைமுகத்தை விட்டு வந்திருக்கிறார் என்றால் விஷயம் பெரிது என்று புரிந்தது.

"பாய், ஒரே ஒரு கேள்வி" என்றார் அஞ்சலையம்மாள். "இந்த டீசல் முள்ளு சரியா காட்டுதா, இல்லியா?"

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"சாயங்காலம் இவன் வண்டிய எடுத்துனு போறப்ப முள்ளு பாதில நிக்குது. நானே பாக்கறேன். விடியகாத்தால வரும்போது எட்டிப் பாத்தா காலுக்கும் கீழ கெடக்குது. தெனம் இதே கதை. இவன் வூடு எட்டு கிலோமீட்டரு. போயி வர பதினாறு. பதினாறு கிலோமீட்டருக்கு கா டேங்க் குடிக்க இது இன்னா ஏரோப்ளேனா?"

"அக்கா, சத்தியமா நான்..." என்று ஏழுமலை வாயைத் திறந்தான்.

"நீ பேசாத. மீட்டர் பேசட்டும்."

ஏலக்காரர் தலையை ஆட்டினார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஐந்தாறு பேர் வந்து நின்றுவிட்டார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், ரொம்பப் பிடித்திருந்தது. இத்தனை வருடம் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்தவனை முதல்முறையாக நீதிபதி நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். யாருக்குத்தான் கசக்கும்?

கையை நன்றாகத் துடைத்துக்கொண்டேன். டேங்கிலிருந்து ஃப்ளோட்டைக் கழற்றினேன். கையால் மேலே தூக்கினேன், முள் மேலே போனது. கீழே இறக்கினேன், கீழே வந்தது. பாதியில் பிடித்தேன், பாதியில் நின்றது. கூட்டம் "ஆங்" என்றது. நல்ல வெயில். விளக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு ஏன் தோன்ற வேண்டும்? டீசல் முள்ளுக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம்? அப்படித்தான் நினைத்தேன். மொத்தம் பத்து நிமிடம்.

"முள்ளு சரியா இருக்கும்மா. நான் போட்ட மீட்டர் பொய் சொல்லாது."

அஞ்சலையம்மாள் ஒன்றும் கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினார். ஏழுமலை சாவியை அதில் வைத்தான். சீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, "வரேன் பாய்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தான். டீக்கடைக்காரர் கிளாஸ்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். நான் ஃப்ளோட்டை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

நான் ஒரு வார்த்தையும் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள். முள் சரி என்றேன், அந்த நிமிடத்தில் அது சரிதான். ஆனால் அவர்கள் என்னைக் கேட்டது முள்ளைப் பற்றி இல்லை, ஒரு ஆளைப் பற்றி. அது எனக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே முள்ளுக்கு மட்டும் பதில் சொன்னேன்.

அஞ்சலையம்மாளின் தம்பி வண்டியை ஓட்ட ஆரம்பித்தார். தம்பி ஓட்டும்போது முள்ளை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியம் அக்காவுக்கு இல்லை. பத்து நாள் கழித்து, டெயில் லைட் மங்கலாக எரிகிறது என்று தம்பி வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். கடையில் நான் மட்டும்தான். உள்ளே உட்கார்ந்து விளக்கு ஸ்விட்சைப் போட்டேன்.

டீசல் முள் இறங்கியது.

ஸ்விட்சை அணைத்தேன். ஏறியது. போட்டேன். பாதியிலிருந்து காலுக்கும் கீழே வந்து படுத்தது. வண்டிக்கடியில் போய்ப் பார்த்தால் அந்த போல்ட் துருப்பிடித்து ஊதிப்போயிருந்தது. டெயில் லைட் கரண்டு திரும்பிப் போக வழி கிடைக்காமல் திணறி, அதே போல்ட்டில் கட்டியிருந்த ஃப்ளோட்டையும் சேர்த்துக் கெடுத்துக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தால் முள் இறங்கும். சாயங்காலம் வெளிச்சத்தில் ஏழுமலை வண்டியை எடுக்கும்போது விளக்கு போட்டிருக்காது. விடியுமுன் வரும்போது போட்டிருக்கும். அஞ்சலையம்மாள் பார்த்தது அந்த இரண்டு நேரம்தான். அவன் வந்ததும் வண்டி பங்க்குக்குப் போகும், டீசல் ஏறும், அதற்குள் விடிந்துவிடும், விளக்கையும் அணைத்துவிடுவான். முள் ஏறினால் டீசல் போட்டதால் ஏறியது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்.

ஏழுமலை ஒரு சொட்டு டீசல் எடுக்கவில்லை. எடுத்ததெல்லாம் என் முதுகு வலிக்காக நான் கட்டிய ஒயர்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? தம்பி டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், டெயில் லைட்டுக்குத் தனியாக ஓர் இடம் சுரண்டி, புது போல்ட் போட்டு, ஒயரை மாற்றிவிட்டேன். அன்றைக்கு முதுகு வலிக்கவே இல்லை. பழைய போல்ட்டைத் தொடவில்லை, தொட்டால் ஒடிந்துவிடும்போல இருந்தது. ஸ்விட்சைப் போட்டேன். முள் ஆடாமல் நின்றது. தம்பியிடம், "ஒயர் லூஸா இருந்துச்சு, டைட் பண்ணிட்டேன்" என்றேன். சமயம் பார்த்து அஞ்சலையம்மாளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம், இப்போது என்ன அவசரம் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள் தம்பிகளே. பழுதைச் சரிசெய்தது நல்ல காரியம்தானே? அந்த நல்ல காரியம்தான் ஏழுமலையைத் தீர்த்துக்கட்டியது. வண்டி சரியாகிப் போனதும் அஞ்சலையம்மாளுக்கு ஒரு நாள் சந்தேகம் வந்து, சாயங்காலமும் விடியற்காலையும் முள்ளை எட்டிப் பார்த்தார். இரண்டு நேரமும் ஒரே இடத்தில் நின்றது. அவ்வளவுதான். துறைமுகம் பூராவும் அதே பேச்சு.

"பாத்தீங்களா, அவன் போனதுலேர்ந்து முள்ளு எறங்கவே இல்ல. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்? பாய் வாய்ல வந்தது அப்பிடியே பலிச்சிடுச்சு!"

எனக்கு வஞ்சிரம் வந்தது. முழு மீன், ஐஸில் வைத்து, என் வீட்டுக்கே அஞ்சலையம்மாள் அனுப்பியிருந்தார். என் மனைவி வறுத்தாள். சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? அந்த வாரத்திலேயே வண்டி வைத்திருக்கிற மூன்று பேர் தங்கள் டிரைவர்களோடு என் கடை வாசலில் வந்து நின்றார்கள். "பாய், எங்க வண்டி மீட்டரையும் கொஞ்சம் விசாரிச்சு சொல்லுங்க." ஒருத்தர் தன் மச்சானைக் கூட்டி வந்திருந்தார். மச்சான்மேல் டீசல் சந்தேகம் இல்லையாம், வேறு சந்தேகமாம், இருந்தாலும் ஒரு வார்த்தை பார்த்துச் சொல்லச் சொன்னார். கடையில் வேலை இருக்கிறது என்று எல்லாரையும் விரட்டினேன். பார்த்தீர்களா, பாய்க்கு எவ்வளவு அடக்கம் என்று அதற்கும் ஒரு பேர் கிடைத்தது.

ஏழுமலைக்கு யாரும் வண்டிச் சாவி கொடுக்கவில்லை. டீசல் திருடன் என்று பேர் எடுத்தவனிடம் யார் கொடுப்பார்கள்? டீக்கடையில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நான் கிளாஸைப் பார்த்தபடி குடித்து முடித்து வந்துவிடுவேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். படகில் போகலாம் என்று நோணாங்குப்பம் அழைத்துப் போனேன். வண்டி நிறுத்துகிற இடத்தில் ஒருத்தன் விசில் ஊதி, கார்களை அப்படி வா இப்படி வா என்று கை காட்டிக்கொண்டிருந்தான். ஏழுமலை. நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் ஓடிவந்தான்.

"வாங்க பாய். வெயில்ல போடாதீங்க, பெட்ரோல் டேங்க் சுடும். அந்த மரத்தாண்ட போடுங்க."

நிழலில் ஓர் இடம் காலியாக வைத்திருந்தான், அதை எனக்குக் கொடுத்தான். "படகுக்கு கியூ பெருசா இருக்கு, மொதல்ல டிக்கெட்டுக்குப் போயிடுங்க" என்று வழியும் சொன்னான். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படகில் எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எல்லாப் படத்திலும் என் முகம் பல்வலிக்காரன் முகம் மாதிரி இருப்பதாக மகள் சொன்னாள்.

மறுநாள் அஞ்சலையம்மாள் வீட்டுக்குப் போனேன்.

"அம்மா, அந்த மீட்டர் விஷயம். சில நேரத்துல மீட்டரும் தப்பா காட்டும்..."

"யாரு, நீங்க போட்ட மீட்டரா?" என்று சிரித்தார். "பாய், உங்களுக்கு எளகின மனசு. அவன எங்கியோ பாத்துட்டு பாவம்னு நெனச்சிட்டீங்க. நோம்பு மாசம் வேற வருது, எனக்குப் புரியாதா? ஆனா திருடனுக்குப் பரிஞ்சு பேசாதீங்க. டீ சாப்புடுங்க."

குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போனவன், தர்மவான் என்று பேர் வாங்கிக்கொண்டு, டீயும் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று ஒன்று புரிந்தது. என் வாயால் சொன்ன பொய் உடனே எடுபட்டது. அதே வாயால் உண்மையைச் சொன்னால் எடுபடாது. முள் இறங்குவதை அவர்களே கண்ணால் பார்க்க வேண்டும். அதற்கு நான் அந்தப் பழுதை மறுபடியும் வண்டியில் போட வேண்டும். இத்தனை வருடத்தில் பழுதை எடுத்துத்தான் பழக்கம், போட்டுப் பழக்கமில்லை.

மறுநாள் காலை ஏலம் முடிகிற நேரத்துக்குத் துறைமுகம் போனேன். பிக்கப்புக்கடியில் புகுந்து, டெயில் லைட் ஒயரைப் புது போல்ட்டிலிருந்து கழற்றி அந்தத் துருப்பிடித்த போல்ட்டில் கட்டினேன். வெளியே வந்து அஞ்சலையம்மாளைக் கூப்பிட்டேன். ஏலக்காரரையும் கூப்பிட்டேன். கூப்பிடாமல் நாற்பது பேர் வந்தார்கள்.

"அம்மா, முள்ளு எங்க நிக்குது?"

"முக்கால்ல."

"நீங்களே விளக்குப் போடுங்க."

போட்டார். ஏலக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை விட்டிருந்தார். பழக்கதோஷம், கூவத் தொடங்கிவிட்டார். "முக்கா! முக்கா! அர! அர! அரைக்கும் கீழ! கா... கா... காலுக்கும் கீழ!" கூட்டம் கைதட்டியது. அஞ்சலையம்மாள் விளக்கை அணைத்தார். முள் ஏறியது. மறுபடி போட்டார். மறுபடி இறங்கியது. ஐந்தாறு தடவை செய்தார். மீன்காரர் ஒருத்தர் தானும் ஒருதரம் போட்டுப் பார்க்கிறேன் என்று வரிசையில் நின்றார். பின்னால் இருந்தவர், "நா அப்பவே சொன்னேன், ஏழுமல அப்பிடிப்பட்ட ஆளு இல்ல" என்றார். அவர் அப்போது சொன்னதை நான் கேட்டிருக்கிறேன், வேறு மாதிரி சொன்னார்.

அஞ்சலையம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். ஏலத்தில் அத்தனை பேரை அடக்கும் அந்தக் குரல் எங்கே போயிற்று என்று இருந்தது.

"எப்ப கண்டுபுடிச்சீங்க பாய்?" என்று கேட்டார்.

"இப்பதாம்மா. நேத்து யோசிச்சுப் பாத்தேன், புடிபட்டுது. உப்புத்தண்ணி சொட்டி எர்த் கெட்டுப்போச்சு."

பாருங்கள், அப்போதும் பொய். பாதி உண்மையைச் சொன்னவுடன் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, மீதியைச் சொல்வானேன் என்று தோன்றிவிட்டது. எர்த் தானாகக் கெட்டுப்போனது, தண்ணீர் தானாகச் சொட்டியது. நான் எங்கேயும் இல்லை.

ஒயரை ஒழுங்காக மாட்டிவிட்டு, அதே வண்டியில் அஞ்சலையம்மாளும் நானும் நோணாங்குப்பம் போனோம். ஏழுமலை விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றான். அஞ்சலையம்மாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் துருவையும் உப்புத் தண்ணீரையும் பற்றி விளக்கினேன். விளக்கு போட்டால் முள் இறங்கும் என்று சொன்னபோது அவன் தலையை ஆட்டினான்.

"தெரியும் பாய்."

"தெரியுமா?"

"தெனம் ஓட்டறவனுக்குத் தெரியாதா? இந்த நோணாங்குப்பம் பக்கம் விடிய போறப்ப லைட்ட அணைச்சா முள்ளு ஏறும். ரெண்டு மூணு வாட்டி போட்டுப் பாத்துருக்கேன்."

"அப்புறம் ஏன்யா அன்னிக்குச் சொல்லல?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். பேசாதன்னுட்டாங்க. அதுக்கப்புறம் நீங்க, நான் போட்ட மீட்டர் பொய் சொல்லாதுன்னுட்டீங்க. இத்தினி வருசம் தொழில்ல இருக்கற ஆளு நீங்க. உங்களுக்கு மேல நான் இன்னாத்த சொல்றது?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஃப்ளோட்டைக் கேட்டேன், முள்ளைக் கேட்டேன், அதன் எதிரிலேயே தினமும் உட்கார்ந்திருக்கிறவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் ஸ்கேனரைச் செருகுவதற்கு முன்னால் ஓட்டுகிறவரைக் கேளுங்கள். என்ன பண்ணுது, எப்பப்ப பண்ணுது என்று கேளுங்கள். அவர் உளறுகிறார் என்று தோன்றினாலும் முழுசாகக் கேளுங்கள்.

"நாளைக்கே வண்டிக்கு வந்துடு ஏழுமல" என்றார் அஞ்சலையம்மாள்.

"வரேங்க்கா. அதுக்கு முன்னாடி ஒண்ணு. பாய் எங்க மாமனாரு வூட்டுக்கு வந்து ஒரு வார்த்த சொல்லணும். அவரு எங்கிட்ட பேசி ஒரு மாசம் ஆவுது. நான் சாப்புட உக்காந்தா எழுந்து போயிடறாரு."

போனோம். மாமனார் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். எங்களுக்கு நாற்காலி போட்டார். மருமகன் பக்கம் பார்வையே திரும்பவில்லை. ஏழுமலை வாசற்படிக்கு அந்தப் பக்கம் நின்றான், உள்ளே வரவில்லை. உள்ளே அவன் மனைவி கதவோரம் நிற்பது தெரிந்தது.

நான் ஆரம்பித்தேன். உப்புக் காற்று, ஐஸ் தண்ணீர், துரு, கரண்டு எப்படிப் போகிறது, எப்படித் திரும்புகிறது என்று எல்லாம் சொன்னேன். தரையில் விரலால் படம் போட்டுக் காட்டினேன். பழைய வண்டி என்றால் இதெல்லாம் சகஜம், எங்கே வேண்டுமானாலும் நடக்கும், யாரும் எதிர்பார்க்க முடியாது என்றேன். நன்றாகத்தான் பேசினேன். உங்கள் சங்கக் கூட்டத்தில் பேசியிருந்தால் கைதட்டியிருப்பீர்கள்.

பெரியவர் கடைசிவரை கேட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு இந்தக் கரண்டு சமாச்சாரமெல்லாம் வெளங்காது பாய். துருன்றீங்க, தண்ணின்றீங்க. தப்பு யாரு பேர்ல?"

அஞ்சலையம்மாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எம் பேர்லதாங்க" என்றேன். "சோம்பல்பட்டு ஒயர தப்பான எடத்துல கட்டினது நான். சரியா பாக்காம உங்க மருமவன மாட்டிவுட்டது நான். மூணு வாரத்துக்கு முன்னாடியே எனக்கு இது தெரியும். தெரிஞ்சும் மறச்சேன். அவன் ஒரு சொட்டுகூட எடுக்கல."

அஞ்சலையம்மாள் நாற்காலியில் நிமிர்ந்தார். "மூணு வாரமாவா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பெரியவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். உள்பக்கம் திரும்பினார்.

"எம்மா, மாப்பிள்ளைக்கு சோறு போடு. எனக்கும் சேத்துப் போடு, ஒண்ணா உக்கார்றோம்."

ஏழுமலை கை கழுவக் குழாயடிக்குப் போனான். போனவன் திரும்பி வர வெகு நேரம் ஆனது. குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, யாரும் அவனைக் கூப்பிடவில்லை.